காமாலைக்கு மூன்று ஞாயிறு

ஒரு பெண் உயிரோடு இருக்கிறாளா இல்லையா என்று போய்ப் பார்க்க எனக்கு ஏறக்குறைய இரண்டு வருஷம் ஆயிற்று. அவள் ஊர் எங்கள் வீட்டிலிருந்து இரண்டு பஸ் தூரம்தான். கூட்டேரிப்பட்டில் ஏறித் திண்டிவனத்தில் இறங்கி மரக்காணம் பஸ்ஸைப் பிடித்தால், போன வேலையை முடித்துக்கொண்டு மாலைக்குள் வீடு திரும்பிவிடலாம். ஆனாலும் போகவில்லை. மல்லாட்டைக் கடலை பிடுங்கும் நேரம், நடவு நேரம், வீட்டுக்கு ஆள் வருகிற நேரம் என்று ஏதாவது ஒன்றைச் சொல்லித் தள்ளிப் போட்டேன். அவ்வளவும் சாக்கு. போய் நிற்கும்போது அவள் இல்லை என்று யாராவது சொல்லிவிட்டால் நான் என்ன ஆவேன் என்ற பயம்தான் உண்மை.

எங்கள் வீட்டில் மஞ்சள் காமாலைக்கு மருந்து கொடுப்பார்கள். கொடுப்பார்கள் என்று யாரோ செய்ததைப் போல எழுதுகிறேன் பாருங்கள், கை அப்படித்தான் நழுவுகிறது. நான்தான் கொடுத்தேன். பத்தொன்பது வருஷம் கொடுத்தேன். நான் கல்யாணமாகி வந்த வீட்டின் வழக்கம் அது. மூத்த மருமகள்தான் தழையை அரைக்க வேண்டும். மாமியார் தவறிய பிறகு அந்த வேலை என் தலையில் விழுந்தது. யாரும் என்னைக் கேட்கவில்லை, நானும் மறுக்கவில்லை. விடிவதற்கு முன்பே வாசலில் பத்துப் பேர் என் கையை எதிர்பார்த்து உட்கார்ந்திருப்பதில் எனக்கு ஒரு பெருமை இருந்தது. பத்தாம் வகுப்போடு நின்ற என்னைப் படித்தவர்களும் கைகட்டிக் கேட்டார்கள். அந்த ருசியை இப்போது மறைத்து ஆகப்போவது ஒன்றுமில்லை.

கீழாநெல்லியும் இன்னும் இரண்டு தழைகளும் சேர்த்து அரைத்து வெள்ளாட்டுப் பாலில் கலக்குவேன். ஞாயிற்றுக்கிழமை, சூரியன் வருவதற்கு முன், வெறும் வயிற்றில் குடிக்க வேண்டும். மூன்று ஞாயிறு. காசு வாங்கக் கூடாது, வெற்றிலை பாக்குகூட வாங்கக் கூடாது. பத்தியம் கடுமை. உப்பில்லை, எண்ணெயில்லை, தாளிப்பில்லை, கவுச்சி இல்லவே இல்லை. வெறும் சோறும் மோரும்தான். மூன்று வாரமும் இங்கிலீஷ் மருந்து பக்கமே போகக் கூடாது. கடைசி ஞாயிறு குடித்து முடித்ததும் போய் வருகிறேன் என்று சொல்லாமல், திரும்பிப் பார்க்காமல் நடந்துவிட வேண்டும். அதற்குப் பிறகு வந்து குணமாயிற்று என்று சொல்லக் கூடாது. சொன்னால் காமாலை திரும்பி வந்துவிடும் என்பது நம்பிக்கை.

அந்தக் கடைசி விதியை நான் ஒரு நாளும் யோசித்துப் பார்த்ததில்லை. குணமானவர் வந்து சொல்லக் கூடாது. குணமாகாதவர் எதற்கு வரப்போகிறார், வேறு இடம் தேடிப் போயிருப்பார், இல்லை போகவே முடியாமல் கிடப்பார். ஆக, பத்தொன்பது வருஷத்தில் ஒருத்தர்கூட என் வாசலுக்கு வந்து, உங்கள் மருந்துக்குக் காமாலை கேட்கவில்லை என்று சொன்னதில்லை. அதையே நான் எல்லோருக்கும் கேட்டுவிட்டது என்று எடுத்துக்கொண்டேன்.

நிறையப் பேருக்கு உண்மையாகவே சரியாகியிருக்கும். கெட்ட தண்ணீரால் வருகிற காமாலை மருந்தே இல்லாமல் தானாக இறங்கிவிடும் என்று பிறகு ஒரு டாக்டர் சொல்லித் தெரிந்துகொண்டேன். என் தூக்கத்தைக் கெடுப்பவர்கள் அவர்கள் இல்லை.

மருந்து குடிக்க வருகிறவர்கள் கேள்வி கேட்பார்கள். மூத்திரம் கடுங்காப்பி மாதிரி போகிறதே என்பார்கள். மஞ்சள் எல்லாம் அந்த வழியாக இறங்குகிறது, நல்லதுதான் என்பேன். வெளிக்கிப் போனால் சுண்ணாம்பு மாதிரி வெள்ளையாக இருக்கிறதே என்பார்கள். வெறும் சோறும் மோரும் சாப்பிட்டால் வேறு எப்படிப் போகும், வயிறு சுத்தமாகிறது என்பேன். உடம்பெல்லாம் அரிக்கிறதே என்பார்கள். விஷம் தோல் வழியாக வெளியேறுகிறது, பொறுத்துக்கொள்ளுங்கள் என்பேன். இந்தப் பதில்களை எனக்கு யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை. என் மாமியார் மருந்தைக் கொடுத்துவிட்டு வாயைத் திறக்கமாட்டார். நான்தான் கேட்டதற்கெல்லாம் ஏதாவது சொல்லியே தீரவேண்டும் என்ற வாய்க்கொழுப்பில் ஒவ்வொன்றாக உண்டாக்கிச் சொன்னேன். கேட்டவர்கள் நிம்மதியாகத் தலையாட்டிப் போனார்கள்.

அப்படித் தலையாட்டிப் போனவர்களில் ஒருத்திதான் அந்த மரக்காணம் பக்கத்துப் பெண். கணவர் கடலுக்குப் போகிறவர், அவள் கூடையில் மீன் விற்கிறவள். நல்ல உயரம். நான் பார்த்த காமாலைக்காரர்களிலேயே அவ்வளவு ஆழமான மஞ்சள் யாருக்கும் இல்லை, பச்சை கலந்த மஞ்சள். முழங்கை முதல் மணிக்கட்டு வரை கீறல் கீறலாக இருந்தது. நகம் போதவில்லை என்று ஒரு கிளிஞ்சலை மடியில் முடிந்துவைத்திருந்தாள். பேசும்போதே அதை எடுத்துக் கையைச் சொறிந்தாள், சொறிந்த இடத்தில் ரத்தம் கசிந்தது. கைம்மாறாக இருக்கட்டும் என்று ஒரு பை நிறையக் கருவாடு கொண்டுவந்திருந்தாள். மருந்து அரைக்கிற இடத்துக்குக் கவுச்சியைக் கொண்டுவந்தாயே என்று அத்தனை பேர் முன்னால் அவளைப் பார்த்துக் கத்தினேன். அவள் பையை ரோட்டோரம் வைத்துவிட்டு வந்து, தலை குனிந்து மருந்தை வாங்கிக் குடித்தாள்.

அடுத்த ஞாயிறு அவள் வரவில்லை. அதற்கடுத்த ஞாயிறும் வரவில்லை. ஒரே வேளையில் கேட்டிருக்கிறது என்று முடிவு கட்டினேன். அதற்குப் பிறகு புதிதாக வருகிற எல்லோருக்கும் அவள் கதையைச் சொன்னேன். கடற்கரையிலிருந்து ஒருத்தி வந்தாள், பச்சையாக இருந்தாள், ஒரு வாய்தான் குடித்தாள், மறுவாரம் வர வேலையில்லாமல் போய்விட்டது என்பேன். சொல்லச் சொல்லக் கதை வளர்ந்தது. கடைசியில் அவள் கூட்டேரிப்பட்டு பஸ் ஸ்டாப்புக்குப் போய்ச் சேருவதற்குள் கண் வெளுத்துவிட்டது என்றுகூடச் சொல்லியிருக்கிறேன்.

இப்போது என் தங்கையைப் பற்றிச் சொல்ல வேண்டும். அவள் வாழ்க்கைப்பட்டது விழுப்புரத்தை ஒட்டித் திருவாமாத்தூர் பக்கம். சொந்த நிலத்தில் கரும்பும் மல்லாட்டையும் போடுகிற குடும்பம். இரண்டு வருஷமாக அவளுக்கு வயிற்று வலி வந்து போய்க்கொண்டிருந்தது. கல்யாணச் சாப்பாடு, பஜ்ஜி, ஆட்டுக்கறி என்று எண்ணெய்யாக எது உள்ளே போனாலும் ஒரு மணி நேரத்தில் வலது விலாவுக்குக் கீழே பிடித்துக்கொள்ளும். அங்கிருந்து முதுகுக்கும் வலது தோள்பட்டைக்கும் ஏறும். வயிற்றில் கேஸ் என்று சோடா குடித்தாள், ஓமத் தண்ணீர் குடித்தாள், மெடிக்கல் கடையில் மாத்திரை வாங்கி விழுங்கினாள். தோள்பட்டைக்கு மூட்டை தூக்கிய சுளுக்கு என்று தைலம் தேய்த்துவிட்டோம். இரண்டும் ஒரே வலி என்று எங்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை.

போன வருஷத்துக்கு முந்தைய பங்குனியில் அவளுக்குக் கண் மஞ்சளாயிற்று. ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டியதுதானே என்று ஊரில் சொன்னவர்களிடம், என் அக்கா இருக்கும்போது எனக்கென்ன குறை என்று சொல்லிவிட்டு நேராக என் வீட்டுக்கு வந்துவிட்டாள். வந்தவளை அணைத்துக்கொண்டேன். மூன்று வாரம் தங்கு, ராஜாத்தி மாதிரி அனுப்பிவைக்கிறேன் என்றேன்.

முதல் ஞாயிறு குடித்தாள். எண்ணெய் இல்லாத சோறு தின்றதும் இரண்டு வருஷத்து வலி காணாமல் போனது. அந்த வாரக் கடைசிக்குள் மஞ்சளும் குறைந்தது. அக்கா தங்கை இருவரும் சின்ன வயதுக் கதைகளைப் பேசிச் சிரித்தோம். இரண்டாவது ஞாயிறும் குடித்தாள். அந்த வாரத்தின் நடுவிலேயே மஞ்சள் திரும்ப ஏறியது, முன்பைவிட அதிகமாக. கையைக் காலைச் சொறிந்துகொண்டே இருந்தாள்.

நான் அவள் மேல் பாய்ந்தேன். எனக்குத் தெரியாமல் எதையோ தின்றிருக்கிறாய், பக்கத்து வீட்டில் கருவாடு வாங்கித் தின்றாயா, என் மருந்துக்குக் கெட்ட பேர் வாங்கித் தரவா இங்கே வந்தாய் என்று கேட்டேன். இல்லை என்றாள். தன் பிள்ளை மேல் சத்தியம் செய்தாள். நான் நம்பவில்லை. இரண்டு நாள் அவளோடு முகம் கொடுத்துப் பேசவில்லை. நோயில் கிடந்த உடன்பிறப்பைச் சந்தேகப்பட்ட அந்த இரண்டு நாளை நினைத்தால் இப்போதும் எனக்குச் சோறு இறங்காது.

மூன்றாவது ஞாயிறு மருந்து குடித்த கொஞ்ச நேரத்தில் அவளுக்குக் குளிர் எடுத்தது. பங்குனி வெயிலில் இரண்டு கம்பளி போர்த்தியும் கட்டில் ஆடுகிற அளவுக்கு நடுங்கினாள். உடம்பு அடுப்பாகக் கொதித்தது. மதியத்துக்குள் பேச்சு குழறியது. என்னைப் பார்த்து அம்மா என்றாள். எங்கள் அம்மா செத்துப் பல வருஷமாகிறது. போன் போட்டதும் அவள் கணவர் கார் எடுத்துக்கொண்டு வந்துவிட்டார். அவர் அவளைத் தூக்கும்போதுகூட, இன்றைக்குத்தான் கடைசி வேளை உள்ளே போயிருக்கிறது, இங்கிலீஷ் மருந்து சேராது, நாளைக்குக் கூட்டிப் போகலாம் என்று நான் குறுக்கே நின்றேன்.

அவர் அதிர்ந்து பேசாத மனுஷன். அன்றைக்கு என் முகத்தைப் பார்த்து, "நாளைக்கு இருப்பாளாக்கா?" என்று மட்டும் கேட்டார். நான் வழிவிட்டேன். பின்னாலேயே காரில் ஏறிக்கொண்டேன்.

விழுப்புரம் ஆஸ்பத்திரியில் கையில் ஊசி ஏற்றி, ரத்தம் எடுத்து, வயிற்றை ஸ்கேன் பார்த்தார்கள். பார்த்த டாக்டர் ஒரு பெண், என் மகள் வயதுதான் இருக்கும். பித்தப்பையில் நிறையக் கற்கள் இருக்கின்றன, ஒரு கல் நழுவிப் போய்ப் பித்தக் குழாயில் மாட்டியிருக்கிறது, தேங்கிய பித்தத்தில் கிருமி சேர்ந்து ரத்தம் வரைக்கும் ஏறிவிட்டது, அடைப்பை உடனே எடுக்காவிட்டால் தாங்காது என்றார். அந்த வசதி அங்கேயே இருந்தது எங்கள் நல்ல நேரம். வாய் வழியாகக் கேமரா வைத்த குழாயை விட்டு, பித்தக் குழாய் குடலில் திறக்கிற இடத்தைக் கொஞ்சம் கீறி, கல்லை இழுத்துப் போட்டார்கள். பித்தம் தடையில்லாமல் இறங்குவதற்கு உள்ளே ஒரு சின்னக் குழாயையும் வைத்தார்கள். உடம்பு தேறிய பிறகு, வயிற்றில் சின்னச் சின்னத் துளை போட்டுப் பித்தப்பையையே எடுத்துவிட வேண்டும், இல்லாவிட்டால் அடுத்த கல் நழுவும் என்றார்கள்.

மூன்றாம் நாள் தங்கைக்கு நினைவு தெளிந்தது. டாக்டர் கட்டில் ஓரத்தில் நின்று ஒரு சீட்டின் பின்பக்கத்தில் எங்களுக்குப் படம் போட்டுக் காட்டினார். மேலே ஈரல், அதன் அடியில் ஒரு பை, இரண்டிலிருந்தும் குடலுக்குப் போகிற ஒரு குழாய். மலத்துக்கு நிறம் கொடுப்பதே பித்தம்தான், அது குடலுக்கு வராமல் நின்றால் மலம் வெளுத்துப்போகும் என்றார். போக வழியில்லாத பித்தம் ரத்தத்தில் ஏறி மூத்திரத்தில் வரும், அதனால் கறுக்கும். தோலில் படியும், அதனால் அரிக்கும். கல் அசைந்து வழிவிட்டால் மஞ்சள் இறங்கும், திரும்ப அடைத்தால் ஏறும். எண்ணெயை நிறுத்தினால் பித்தப்பை சுருங்காமல் சும்மா இருக்கும், வலி தெரியாது. இதையெல்லாம் அவர் சாதாரணமாகத்தான் சொன்னார். நான் டீ பிளாஸ்கைப் பிடித்துக்கொண்டு நின்றேன். பத்தொன்பது வருஷமாக என் வாயிலிருந்து வந்த ஒவ்வொரு பதிலையும் அவர் எடுத்துத் திருப்பிப் போட்டுக்கொண்டிருந்தார். நல்லது நல்லது என்று நான் சொன்ன மூன்றும், இந்த ஆளை உடனே தூக்கிக்கொண்டு ஓடு என்று உடம்பு போட்ட சத்தம்.

பிறகு டாக்டர் தங்கையிடம் கேட்டார், நாட்டு மருந்து யார் கொடுத்தது என்று. தங்கை என் பக்கம் திரும்பவே இல்லை. கூரையைப் பார்த்துக்கொண்டே, "யாரோ ஒரு அம்மாங்க. எந்த ஊர்னு தெர்ல" என்றாள்.

"அந்த அம்மாவை மறுபடியும் பார்த்தா இங்க கூட்டிக்கினு வாங்க. நான் திட்டமாட்டேன். இந்த மாதிரி எத்தினி பேரு வந்தாங்கன்னு மட்டும் கேக்கணும்" என்றார் டாக்டர்.

நான்தான் என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. பிளாஸ்கைத் திறந்து தங்கைக்கு டீ ஊற்றினேன்.

தங்கை பிழைத்துக்கொண்டாள். ஒன்றரை மாதம் கழித்துப் பித்தப்பையை எடுத்தார்கள், இப்போது வடை சாப்பிடுகிறாள், வயலுக்குப் போகிறாள். என்னோடு எப்போதும் போலத்தான் பேசுகிறாள். அந்தப் பேச்சை மட்டும் எடுப்பதில்லை. நன்றாகத் திட்டித் தீர்த்திருந்தால் நானும் அழுது தீர்த்திருப்பேன்.

அதோடு மருந்து கொடுப்பதை நிறுத்தினேன். ஆனால் ஆட்கள் நிற்கவில்லை. ஞாயிறு விடியலில் இன்றைக்கும் யாராவது வந்து உட்காருகிறார்கள். நான் கண்ணைப் பார்த்து, மூத்திரம் எப்படி, மலம் என்ன நிறம், அரிப்பு உண்டா, குளிர் காய்ச்சல் உண்டா, சாப்பிட்டதும் விலாவில் வலியா என்று கேட்கிறேன். எது எப்படி இருந்தாலும் ரத்தம் எடுத்து ஸ்கேன் பார்க்கச் சொல்கிறேன். குளிர் காய்ச்சல் இருக்கிறது என்றால் வீட்டுக்குக்கூடப் போகாதீர்கள், இப்படியே விழுப்புரம் பஸ் ஏறுங்கள் என்கிறேன். எந்தக் காமாலை கல்லால் வந்தது, எது ஈரல் வீங்கி வந்தது என்று பார்த்தவுடன் டாக்டரே சொல்வதில்லை, நான் எம்மாத்திரம். சிலர் கேட்டுப் போகிறார்கள். சிலருக்குக் கோபம் வருகிறது. அம்மாவுக்குக் கைராசி போய்விட்டது, அதை மறைக்கத்தான் ஆஸ்பத்திரிக்குத் துரத்துகிறார் என்று ஒருவர் என் காதுபடவே சொல்லிவிட்டு, வேறு ஊரில் மருந்து கொடுப்பவரைத் தேடிப் போனார். வீட்டுச் சாமி சும்மா விடாது என்று சொந்தக்காரர்கள் பயமுறுத்தினார்கள். என் வீட்டுக்காரர் மட்டும் எப்போதும் போல வந்தவர்களுக்குக் குடிக்கத் தண்ணீர் வைத்துக்கொண்டிருந்தார்.

பஸ்ஸில் ஏறினால் எதிரில் இருப்பவரின் கண் வெள்ளையைத்தான் முதலில் பார்க்கிறேன். திருமண வீட்டில் மஞ்சள் பூசிய பெண்ணின் முகத்தைப் பார்த்தால் திடுக்கென்கிறது. யாராவது பக்கத்தில் உட்கார்ந்து கையைச் சொறிந்தால் எழுந்து போய்விடுகிறேன். சமைத்துக்கொண்டிருக்கும்போது வாசலில் யாரோ உட்கார்ந்திருப்பது போலத் தோன்றும். போய்ப் பார்த்தால் ஒருவரும் இருக்கமாட்டார்கள். சொல்லாமல், திரும்பிப் பார்க்காமல் போனவர்கள் எல்லோரும் இப்போது திரும்பிப் பார்க்கிறார்கள் என்று நினைத்துக்கொள்வேன். அது வெறும் நினைப்புதான் என்று எனக்குத் தெரியும். தெரிந்து என்ன செய்வது, போய்ப் பார்க்காமல் இருக்க முடியவில்லை.

அவர்கள் எல்லோரிலும் அதிகம் வந்தது கிளிஞ்சலால் சொறிந்துகொண்ட அந்தப் பெண். அரிப்பு இருந்தது, பச்சை கலந்த மஞ்சள் இருந்தது, மலம் வெள்ளையாகப் போகிறது என்றும் என்னிடம் சொல்லியிருந்தாள். நிச்சயமாக அடைப்பு. அவளைத்தான் நான் வயிறு சுத்தமாகிறது என்று சொல்லி வீட்டுக்கு அனுப்பினேன். அவள் இரண்டாவது வாரம் வராததற்கு இப்போது வேறு காரணம் தெரிந்தது. அவள் செத்ததைத்தான் நான் இத்தனை வருஷம் ஊருக்கெல்லாம் பெருமையாகச் சொல்லிக்கொண்டிருந்தேனா என்று எனக்குள் கேட்டுக் கேட்டு மாய்ந்தேன்.

போன மாசியில் ஒரு நாள் இதற்கு மேல் பொறுக்க முடியாமல் போய்விட்டது. திண்டிவனத்தில் துணி எடுக்க வேண்டும் என்று சொல்லிக் கிளம்பினேன். செருப்பைப் போடும்போது என் வீட்டுக்காரர் பேப்பரிலிருந்து தலையை எடுக்காமல், மரக்காணம் பஸ் பத்தரைக்குத்தான், அவசரப்படாமல் போ என்றார். அந்தப் பெண்ணைத் தேடிப் போவதாக நான் அவரிடம் ஒரு வார்த்தை சொன்னதில்லை.

உப்பளத்தைத் தாண்டிச் சவுக்குத் தோப்புக்குள் போகிற ரோட்டில் இறங்கி நடந்தேன். திரும்பிவிடலாம் என்று இரண்டு முறை நின்றேன். அவள் அன்றைக்குச் சொல்லியிருந்த குப்பத்துக்குள் நுழைந்ததும், வலையில் சிக்கெடுத்துக்கொண்டிருந்த பெண்களிடம் கேட்டேன், காமாலைக்குக் கூட்டேரிப்பட்டுப் பக்கம் வந்து மருந்து குடித்த அம்மா வீடு எது என்று. அவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். எந்த அம்மா என்று ஒருத்தி கேட்டாள். மறந்துவிட்டார்கள் போலிருக்கிறது என்று நினைத்து, உயரமாக இருப்பாரே, கூடையில் மீன் விற்பாரே என்றேன். உடனே கடல் பக்கம் கடைசி வீட்டைக் காட்டினார்கள். இருக்கிறாளா என்று கேட்காமலே நடந்தேன்.

வீட்டுக்கு முன்னால் தார்ப்பாயில் மீனைக் காயப்போட்டுக்கொண்டிருந்தவள் நிமிர்ந்தாள். அதே உயரம். உடம்பு வைத்திருந்தாள். தோலில் கீறல் இல்லை, கண் பளிச்சென்று வெள்ளையாக இருந்தது. மணலிலேயே உட்கார்ந்துவிட்டேன். வாய்விட்டு அழுதேன். பல வருஷமாக அவ்வளவு சந்தோஷம் எனக்கு வந்ததில்லை.

என்னை அடையாளம் தெரிந்ததும் அவள் முகம் செத்துவிட்டது. கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு ஓடிவந்தாள். நான் எழுந்திருப்பதற்குள் என் காலைப் பிடித்துக்கொண்டாள்.

"மன்னிச்சிடுங்கம்மா. அன்னிக்கி நீங்க குட்த்ததை வவுத்துல வெச்சிக்க முடியலை. கூட்டேரிப்பட்டு தாண்டறதுக்குள்ள பஸ்ஸுலயே எல்லாத்தையும் வாந்தி எடுத்துட்டேன். மருந்து தங்கலை, இனிமே இந்த ஒடம்புக்குக் கேக்காதுன்னு பயந்துக்கினு நேரா பாண்டிச்சேரி ஆஸ்பத்திரிக்குப் போயிட்டேன். உங்க மூஞ்சில முழிக்க வெக்கமா இருந்துச்சு, அதான் வரலை."

பாண்டிச்சேரியில் குழாயிலிருந்து கல்லை எடுத்து, பித்தப்பையையும் எடுத்திருக்கிறார்கள். என் தங்கைக்குச் செய்த அதே வைத்தியம். இத்தனை வருஷமும் என் மருந்தைக் கீழே கொட்டிய பாவம் தன் வீட்டைச் சுற்றிக்கொண்டிருக்கிறது என்று அவள் பயந்திருக்கிறாள். திண்டிவனம் மார்க்கெட்டுக்குப் போனால்கூட, என் கண்ணில் பட்டுவிடுவோமோ என்று தலையில் முக்காடு போட்டுக்கொண்டு நடந்திருக்கிறாள்.

அவள் கையை விலக்கித் தூக்கி என் பக்கத்தில் உட்காரவைத்தேன். சொல்ல வந்ததை இந்த முறை விழுங்கவில்லை.

"நீ வாந்தி எடுத்ததாலதாம்மா பொழைச்ச. எம் மருந்துக்கு அந்த அடைப்பை எடுக்கத் தெரியாது. நான் தெரியாம குட்த்துக்கினு இருந்துட்டேன். நீதான் என்னை மன்னிக்கணும்."

அவள் காய்கிற மீன் மேல் வந்து உட்கார்ந்த காக்காயை விரட்டவும் எழுந்திருக்கவில்லை. மனசுக்குள் எதையோ கணக்குக் கூட்டிப் பார்க்கிற மாதிரி இருந்தது அவள் முகம். பிறகு பக்கத்தில் பூட்டிக் கிடந்த வீட்டைப் பார்த்துக்கொண்டே மெதுவாகப் பேசினாள். அது அவள் கொழுந்தனார் வீடு.

"என் கொழுந்தன் பொண்டாட்டிக்கும் அடுத்த வருசமே மஞ்சளா வந்துச்சுங்க. நான்தான் உங்ககிட்ட அனுப்பி வெச்சேன். நான் பண்ண தப்பை நீ பண்ணாத, கொமட்டினாலும் வாயைப் பொத்திக்கினு உள்ள எறக்கிடுன்னு சொல்லிச் சொல்லி அனுப்பினேன். மூணு ஞாயித்துக்கிழமையும் வந்தா. ஒரு சொட்டு கீழ விடலை."

கடைசி வாரத்துக்குப் பிறகு குளிர் காய்ச்சல் வந்து பாண்டிச்சேரிக்குத் தூக்கிப் போயிருக்கிறார்கள். ரொம்பத் தாமதமாகிவிட்டது என்று சொல்லிவிட்டார்களாம்.

"குட்டையா, செவப்பா இருப்பா. மூக்குல ரெண்டு பக்கமும் குத்தியிருப்பா. உங்க கையாலதான் வாங்கிக் குட்ச்சா. ஞாபகம் இருக்குதாம்மா?"

இருக்கிறது என்று தலையாட்டினேன். மூன்று ஞாயிறு என் எதிரே உட்கார்ந்து, நான் கொடுத்ததை ஒரு சொட்டு விடாமல் குடித்துப் போனவளின் முகம் எனக்கு நினைவுக்கு வரவே இல்லை.